மேட்பிளாட்லிப் வரைபடத்தில் ‘சேலம்’ ‘சலேம்’ ஆகிறது: தமிழ்ப் பெயர்களைச் சரியாக அச்சிட வழி உண்டா?

மழைக்கணக்கு:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த வடகிழக்குப் பருவமழை இயல்பளவிலிருந்து எத்தனை விழுக்காடு விலகியிருக்கிறது என்பதை, பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் கிடைமட்டப் பட்டை வரைபடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி, 19 விழுக்காடு வரை கூடினாலும் குறைந்தாலும் ‘இயல்பு’, 20 முதல் 59 வரை குறைந்தால் ‘குறைவு’, அதே அளவு கூடினால் ‘மிகுதி’ என்று பட்டைகளுக்கு நிறம் தருகிறேன். கணக்கிலும் நிறத்திலும் எந்தச் சிக்கலும் இல்லை. மாவட்டப் பெயர்களில்தான் சிக்கல். இந்தப் படம் ஒரு தமிழ் இதழில் அச்சாக வேண்டியது என்பதால் பெயர்களை ஆங்கிலத்தில் விட்டுவிடவும் முடியாது.

முதலில் எல்லாப் பெயர்களும் வெறும் கட்டங்களாக வந்தன. கூடவே 2970 என்ற எண்ணுள்ள எழுத்துவடிவம் மேட்பிளாட்லிப்பின் இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் இல்லை என்ற எச்சரிக்கையும் வந்தது. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றியதும் கட்டங்கள் மறைந்துவிட்டன. ஆனால் இப்போது ‘சேலம்’ என்பது ‘சலேம்’ என்று தெரிகிறது. தலைப்பில் உள்ள ‘மழை’ என்ற சொல்லில் ஐகாரக் கொம்பு ழகரத்துக்குப் பின்னால் போய்த் தனியே நிற்கிறது. ‘மதுரை’யில் உகரம் தகரத்தோடு சேராமல் தள்ளி நிற்கிறது. இதே சரங்களை (எழுத்துத் தொடர்களை), உலாவியில் நிரலை இயக்கும் ஜூபிட்டரில் அச்சிட்டுப் பார்த்தால் பிழையின்றி வருகின்றன. மேட்பிளாட்லிப் 3.8, உபுண்டுவில் இயங்குகிறது.

நிரல்வாசல்:

எழுத்துருப் பட்டியலை மேட்பிளாட்லிப் ஒரு தற்காலிகக் கோப்பில் சேமித்து வைத்திருக்கும். அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு ஜூபிட்டரில் நிரலை இயக்கும் கெர்னலை மறுபடி தொடங்குங்கள். லதா, நிர்மலா போன்ற வேறு எழுத்துருக்களையும் முயன்று பாருங்கள்.

மழைக்கணக்கு:

பதிலுக்கு நன்றி, ஐயா. தற்காலிகக் கோப்பை அழித்தாயிற்று. வேறு தமிழ் எழுத்துருக்களை இட்டுப் பார்த்தபோது எழுத்தின் அழகு மாறியதே தவிர, கொம்பு இடம் மாறவில்லை. ஆகவே எழுத்துரு கண்டறியப்படாதது காரணமாக இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

எழுத்துருப்பித்தன்:

நீங்கள் எண்ணுவது சரி. எழுத்துருவிலும் குறையில்லை, உங்கள் தரவிலும் குறையில்லை. எழுத்துகளை அடுக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

யூனிகோடில் ‘சேலம்’ என்ற சொல் ஒலி வரிசைப்படி சேமிக்கப்படுகிறது: முதலில் சகரம் 2970, அடுத்து ஏகாரக் குறி 3015, பிறகு லகரம் 2994, மகரம் 2990, இறுதியில் புள்ளி 3021. ஏகாரக் குறி சேமிப்பில் சகரத்துக்குப் பின்னால் இருந்தாலும், திரையில் வரையும்போது அதைச் சகரத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது எழுத்து வடிவமைப்பு இயந்திரம். உலாவிகளில் பெரும்பாலும் ஹார்ப்பஸ் என்ற நூலகம் இதைச் செய்கிறது. அது எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்கும் ஓப்பன்டைப் விதிகளைப் படித்து, கொம்பை முன்னால் நகர்த்துகிறது. ‘கு’, ‘து’, ‘மு’ போன்றவற்றில் மெய்யும் உகரமும் சேர்ந்த ஒற்றை வடிவத்தை எடுத்து வைக்கிறது. ‘கொ’ என்றால் குறியை இரண்டாகப் பிரித்து மெய்க்கு இருபுறமும் நிறுத்துகிறது.

உங்கள் பதிப்பிலுள்ள மேட்பிளாட்லிப் இந்த இயந்திரத்தை அழைப்பதில்லை. ஃப்ரீடைப் நூலகத்தின் வழியாக ஒவ்வொரு குறியீட்டெண்ணுக்கும் உரிய வடிவத்தை எடுத்து, வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஒட்டிக்கொண்டு போகிறது. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில், சகரம் வரையப்பட்ட பிறகு இரட்டைக் கொம்பு வரையப்படுகிறது. அதற்கு வலப்புறம் லகரம் வந்து நிற்பதால் அந்தக் கொம்பை நம் கண் லகரத்தோடு சேர்த்துப் படித்துவிடுகிறது. ‘சலேம்’ பிறந்த கதை இதுதான். புள்ளி மட்டும் ஓரளவு சரியாக விழுவதற்குக் காரணம், பல எழுத்துருக்களில் அது அகலமே இல்லாத வடிவமாக, முந்தைய எழுத்தின் தலைக்கு மேல் அமரும்படி வரையப்பட்டிருப்பதுதான்.

இதே காரணத்தால் எந்த யூனிகோடு எழுத்துருவை மாற்றினாலும் பயன் இல்லை. கொம்பை நகர்த்தும் விதி எழுத்துருவுக்குள் இருக்கிறது, ஆனால் அதைப் படிப்பவர் யாரும் இல்லை.

குறுக்குவழி:

இவ்வளவு விளக்கம் தேவையில்லை. நான் ஒரு சிறிய சார்பு எழுதி வைத்திருக்கிறேன். சரத்தில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் வரும் இடங்களிலெல்லாம் குறியை மெய்யெழுத்துக்கு முன்னால் மாற்றிப் போட்டுவிடும். ஒகர, ஓகாரங்களைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்துவிடும். படத்தில் ‘சேலம்’ சேலமாகவே வருகிறது. வேண்டுமானால் நிரலைத் தருகிறேன்.

எழுத்துருப்பித்தன்:

குறுக்குவழி அவர்கள் சொல்வது அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இதழில் அச்சாகும் படத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது கொம்புச் சிக்கலை மட்டும் மறைக்கிறது. ‘மதுரை’யின் உகரமும் ‘வேலூர்’ என்பதன் ஊகாரமும் முன்போலவே பிரிந்து நிற்கும், ஏனெனில் அவற்றுக்கு வரிசை மாற்றம் போதாது, வேறு வடிவமே தேவைப்படுகிறது. தவிர, மாற்றிய சரத்தை முறையாக வடிவமைக்கும் ஏதாவது ஒரு மென்பொருளில் திறந்தால், தாங்கி நிற்க மெய்யில்லாத கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் ஒன்று தோன்றும். இன்று சரியாகத் தெரியும் நிரல், நாளை படத்தை வரையும் பின்னணி இயந்திரத்தை மாற்றியதும் உடைந்துவிடும். அதிலும் தரவு அட்டவணையிலேயே இந்த மாற்றத்தைச் செய்துவிட்டால் அகரவரிசையும் போயிற்று, தேடலும் போயிற்று.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்தோம் என்பதால், அவை மேட்பிளாட்லிப்பில் இன்றும் பிழையின்றி வரும். 2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16 குறியீட்டிலும் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. வடிவமைப்பு இயந்திரம் இல்லாமலே அது வேலை செய்யும். ஆனால் அந்தப் படத்திலிருந்து ஒரு பெயரை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் என்ன வரும் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டாம்.

ஆய்வேட்டாளர்:

என் ஆய்வேட்டின் படங்கள் அனைத்தும் தமிழில்தான் இருக்கின்றன. எனக்குப் பயன்பட்ட வழிகளைச் சொல்கிறேன்.

மிக எளியது, எஸ்விஜி என்ற திசையன் படக் கோப்பாகச் சேமிக்கும் வழி. இயல்பாக மேட்பிளாட்லிப் எஸ்விஜி கோப்பில் எழுத்துகளைக் கோடுகளாக மாற்றி எழுதிவிடும். அப்போது பிழையும் சேர்ந்தே உறைந்துவிடும். ‘எஸ்விஜி.பாண்ட்டைப்’ என்ற அமைப்பின் மதிப்பை ‘நன்’ என்று மாற்றிவிட்டால் எழுத்துகள் எழுத்துகளாகவே கோப்பில் செல்லும். அதைத் திறக்கும் உலாவியோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோ வடிவமைப்பைச் செய்துகொள்ளும். இங்க்ஸ்கேப்பில் திறந்து, அங்கிருந்து எழுத்துகளைப் பாதைகளாக்கி பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால், அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. இதில் ஒரு குறை உண்டு: சொல்லின் அகலத்தை மேட்பிளாட்லிப் தன் பழைய முறையிலேயே அளக்கிறது. ஆகவே குறிவிளக்கப் பெட்டி சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ அமையும்; இடது ஓரத்தில் நீண்ட பெயர்கள் இருந்தால் ஓர இடைவெளியை நீங்களே கையால் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

அச்சுத் தரத்துக்கு நான் நம்புவது, டெக் குடும்பத்து அச்சுக்கோப்பு மென்பொருளான சீலாடெக் வழி. படத்தை டெக் கட்டளைகளாக எழுதித் தரும் மேட்பிளாட்லிப்பின் ‘பிஜிஎஃப்’ பின்னணியைத் தேர்ந்தெடுத்து, ‘பிஜிஎஃப்.ஆர்சிபாண்ட்ஸ்’ என்பதை அணைத்துவிட்டு, முன்னுரைப் பகுதியில் பாண்ட்ஸ்பெக் பொதியை அழைத்து, நோட்டோ சான்ஸ் தமிழை முதன்மை எழுத்துருவாகவும் எழுத்துமுறையைத் தமிழ் என்றும் குறிப்பிடுங்கள். சீலாடெக் ஹார்ப்பஸைப் பயன்படுத்துவதால் உகரம் முதல் ஔகாரம் வரை அனைத்தும் பிசகின்றி அமையும். அகலத்தையும் டெக்கே அளந்து சொல்வதால் பெட்டிகளும் ஒழுங்காக நிற்கும். அதே குடும்பத்தின் லுவாலாடெக்கைப் பயன்படுத்துவதானால் எழுத்துருவை அழைக்கும் இடத்தில் ஹார்ப்பஸை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பழைய கதைதான். ‘யூஸ்டெக்ஸ்’ என்ற அமைப்பை மட்டும் இயக்கிவிட்டு உட்காராதீர்கள். அது வேறு பாதை, இந்தச் சிக்கலுக்கு உதவாது. பிஜிஎஃப் வழி மெதுவானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் உள்ள சிதறல் படங்களில் டெக் திணறும். அங்கே புள்ளிகளை மட்டும் படிமமாக்கும் ‘ராஸ்டரைஸ்டு’ விருப்பத்தை இயக்கினால் தாங்கும்.

எம்பிஎல்கைரோ என்ற மாற்றுப் பின்னணியும் உண்டு. எழுத்துகளை வடிவமைத்து அடுக்கும் ராக்ம் நூலகம் கணினியில் நிறுவப்பட்டிருந்தால் அது பிஎன்ஜி கோப்பிலேயே தமிழைச் சரியாக வரையும். உங்கள் நிரலில் பின்னணியைத் தேர்ந்தெடுக்கும் ஒரு வரியைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

மழைக்கணக்கு:

இருவருக்கும் மிக்க நன்றி. எஸ்விஜி வழியில் ஜூபிட்டரிலேயே பெயர்கள் சரியாகிவிட்டன. அச்சுக்கு சீலாடெக் வழியில் எடுத்த பிடிஎஃப் கோப்பில் ‘திருவண்ணாமலை’கூட அழகாக அமர்ந்திருக்கிறது.

பெயர்கள் படிக்கும்படி வந்த பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ‘கோயம்புத்தூர்’ இரண்டு பட்டைகளாக வருகிறது. ஒன்றில் சில ஆண்டுகளின் சராசரி, மற்றொன்றில் மீதி ஆண்டுகளின் சராசரி. இரண்டு பெயர்களையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன. முன்னும் பின்னும் இடைவெளிகளும் இல்லை. அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகம் ஏன் இவற்றைத் தனித்தனியாகத் தொகுக்கிறது?

எழுத்துருப்பித்தன்:

இரண்டு சரங்களின் நீளத்தையும் ‘லென்’ சார்பால் பாருங்கள். ஒன்று 13, மற்றொன்று 14 என்று வந்தால் காரணம் இதுதான்: ஓகாரத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3019 என்ற ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் அதையடுத்துத் துணைக்காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, யூனிகோடு தரப்படியும் சமம், ஆனால் பைத்தானின் ஒப்பீட்டுக்கு வேறு வேறு. அட்டவணையின் ஒரு பகுதியை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மறுபகுதியை இன்னொருவர் வேறொன்றிலும் தட்டச்சு செய்திருந்தால் இப்படி நேரும்.

யூனிகோடுடேட்டா நூலகத்தின் ‘நார்மலைஸ்’ சார்பை பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு அமைத்து, கோப்பைப் படித்தவுடனேயே, தொகுப்பதற்கு முன்பு, பெயர்கள் உள்ள நெடுவரிசை முழுவதற்கும் செலுத்துங்கள். பாண்டாஸின் சர முறைகளிலும் அதே பெயரில் இது கிடைக்கிறது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டிருந்தால் மட்டும் இது திருத்தாது, ஏனெனில் அங்கே ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து. அவற்றைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

மழைக்கணக்கு:

நீங்கள் சொன்னபடியே 13, 14 என்றுதான் வந்தன. நார்மலைஸ் செய்த பிறகு கோயம்புத்தூர் ஒரே பட்டையாகிவிட்டது. ‘தூத்துக்குடி’ பாதிக்கப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

எழுத்துருப்பித்தன்:

ஊகாரத்துக்கு அப்படிப் பிரியும் வடிவம் இல்லை, அதனால்தான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கு மட்டுமே இந்தக் குறிகளில் சிக்கல். ஈரோடும் உங்கள் பட்டியலில் இருக்குமே, அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வேட்டாளர்:

உங்கள் படத்தில் எதிர்ம எண்கள் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். படத்தின் அளவு அச்சில் உள்ள எண்களின் கழித்தல் குறிக்கு மேட்பிளாட்லிப் சாதாரண இணைப்புக்கோட்டை இடாமல், யூனிகோடில் உள்ள தனிக் கழித்தல் குறியை இடுகிறது. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்தக் குறி இருக்காது. ‘-20’ என்பதற்குப் பதிலாகக் கட்டமும் இருபதும் நிற்கும். ‘ஆக்ஸஸ்.யூனிகோட்மைனஸ்’ என்பதை அணைத்துவிட்டால் சாதாரணக் கோடு வரும். அல்லது எழுத்துருக் குடும்பத்தை ஒரே பெயராகத் தராமல் பட்டியலாக, முதலில் நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து டெஜாவு சான்ஸ் என்று கொடுங்கள், 3.6 பதிப்பு முதல், ஒன்றில் இல்லாத வடிவத்தை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும். சீலாடெக் வழியில் இந்தப் பட்டியல் செல்லாது என்பதால் அங்கே எண்களை ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

தலைப்பைத் தடித்த எழுத்தில் வைக்க விரும்பினால் எழுத்துருவின் மாறும் தடிப்புக் கோப்பை நிறுவாமல், தடிப்புக்கு ஒன்றாகத் தனித்தனியே உள்ள நிலையான கோப்புகளை நிறுவுங்கள். மாறும் கோப்பை மேட்பிளாட்லிப் ஏற்றுக்கொள்ளும், ஆனால் தடிப்பு மாறாது.