எதைப் பார்த்துப் போடுறீங்க?

கும்பகோணம்

வணக்கம். தினமும் செய்யும் ஏதோ ஒன்றை, "இதை ஏன் இப்படிச் செய்றோம்?" என்று யோசிக்க வைத்த ஆள் யாராவது உங்களுக்கு உண்டா? மேடைப் பேச்சாளர், சாமியார் எல்லாம் வேண்டாம். கடைத்தெருவிலோ களத்துமேட்டிலோ சந்தித்தவராக இருந்தால் நல்லது. புத்தாண்டில் சபதம் எடுத்துப் பொங்கலுக்குள் கைவிட்ட கதை எல்லாரிடமும் இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

மன்னார்குடி பக்கம்

எங்கள் சித்தப்பாவை யோசிக்க வைத்தது ஒரு உதவி வேளாண்மை அலுவலர். சின்னப் பெண். வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது.

சித்தப்பாவுக்குச் சம்பா பருவத்தில் எப்போதும் சி.ஆர். 1009 நெல்தான். பக்கத்து வயலில் யூரியா மூட்டை இறங்கினால் மறுநாள் இவர் வயலிலும் இறங்கிவிடும். "அவன் பயிரு கருகருன்னு நிக்குது, நம்மளுது வெளுத்துக் கிடக்கு" என்பார். அன்றைக்கும் வாளியில் யூரியாவை அள்ளிக்கொண்டு வரப்பில் நின்றார். அந்தப் பெண் ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து கேட்டார்:

"ஐயா, எதைப் பார்த்துப் போடுறீங்க?"

"ஏம்மா, பயிரு வெளுத்திருக்குல்ல."

"எவ்வளவு வெளுத்திருக்கு?"

சித்தப்பா சிரித்துவிட்டார். வெளுப்புக்கு அளவு உண்டா என்று அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெண் பையிலிருந்து எடுத்தது இலை வண்ண அட்டை. ஸ்கேல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள் பார்க்க வேண்டும். பயிரில் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியைப் பறிக்காமல் பட்டைமேல் வைத்து, நம் உடம்பு நிழல் அதன்மேல் விழும்படி நின்று ஒப்பிட வேண்டும். வயலில் அங்கங்கே பத்து இலை. வெள்ளைப் பொன்னிக்கு அளவு மூன்றாம் எண் பட்டை, மற்ற ரகங்களுக்கு நான்காம் எண். பத்தில் ஆறு இலையாவது அந்த அளவுக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து, அதாவது யூரியா, போடணும். இல்லையென்றால் ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம். நட்டு இரண்டு வாரத்தில் ஆரம்பித்துக் கதிர் வரும்வரை இப்படித்தான்.

அன்றைக்கு அளவுக்குக் கீழே இருந்தது மூன்று இலைதான். சித்தப்பா வாளியை மூட்டைக்குள்ளேயே திருப்பிக் கொட்டினார். மனசில்லாமல்தான்.

இதில் என் கருத்து ஒன்று. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால்தான் யூரியா போட யாரும் யோசிப்பதில்லை. பொட்டாஷ் வாங்கும்போது இரண்டு தடவை யோசிக்கிற அதே ஆள், யூரியாவை அள்ளி வீசிவிடுவார். விலை மலிவான பழக்கம் பூச்சியில் வந்து விடியும். தழைச்சத்து கூடினால் பயிர் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இலை மெத்தென்று ஆகி இலைச்சுருட்டுப் புழு வரும், தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி ஏறும். வடகிழக்குப் பருவமழையில் காற்றும் சேர்ந்து அடித்தால் சாய்ந்துவிடும்.

அட்டை யூரியாவைக் குறைக்கச் சொல்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே சம்பாவில், பக்கத்து வயல்காரர் போடாத சமயத்தில், இவரைப் போடச் சொன்னதும் அந்த அட்டைதான். சித்தப்பாவுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்ததே அப்போதுதான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வரப்புக் கதையைச் சித்தப்பா வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். சித்தி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். மறுநாள் மத்தியானம் இலை போட்டு, சாதம் வைத்து, குழம்பு ஊற்றினார். சித்தப்பா வழக்கம்போல வாயில் வைப்பதற்கு முன்பே தூள் உப்பை எடுத்து மேலே தூவினார்.

"ஏங்க, எதைப் பார்த்துப் போடுறீங்க?"

பிரஷர் மாத்திரை போடுகிற மனுஷன் அவர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகத்தான் உப்பு இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று நம் வீடுகளில் பாதிக் கணக்கு அதிலேயே முடிந்துவிடும். டாக்டர் பலமுறை சொல்லியும் கேட்காதவர், சித்தியின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் முழித்தார். உப்பு ஜாடி இப்போது அடுக்களை அலமாரிக்குப் போய்விட்டது. வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்கணும். சாப்பிட உட்கார்ந்தபின் யார் எழுந்திருப்பது!

திருவையாறு

எங்கள் மகளுக்கு வீணை சொல்லித்தரும் அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். குழந்தை வாசிக்கும்போது காலம் ஓடும், அதாவது வேகம் தானாகக் கூடிவிடும். நானாக இருந்தால் "ஓடாதே, ஓடாதே" என்று கத்துவேன். அந்த அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. "எந்த இடத்துல ஓட ஆரம்பிச்சே, கண்ணு?" என்று மட்டும் கேட்பார். குழந்தைக்குத் தெரியாது. ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு பாடச் சொல்வார். மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில்தான் ஓடுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். பிறகு அந்த ஒரு இடத்தை மட்டும் முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், சலிக்கச் சலிக்க.

என் வீட்டுக்காரருக்குக் காலையில் கோபம் வரும். குழந்தைகள்மேல், என்மேல், சிலசமயம் பால்காரர்மேல்கூட. வீணை அம்மாவின் கேள்வியை அவரிடம் கேட்டுப் பார்த்தேன். முதலில் அதற்கும் கோபம் வந்தது. ஆனால் யோசித்திருக்கிறார். வண்டிச் சாவியைத் தேடும்போதுதான் சத்தம் ஆரம்பிக்கிறது என்று அவரே வந்து சொன்னார். நிலைப்படிப் பக்கம் ஒரு ஆணி அடித்தோம். சாவி அங்கேதான் தொங்கணும். கோபம் சுத்தமாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பால்காரர் தப்பித்தார்.

நாகப்பட்டினம்

எல்லாம் சரி. ஆனால் எல்லாப் பழக்கமும் கேள்வி கேட்டால் போகிற ரகமில்லை. என் மாமா வெற்றிலையோடு புகையிலையும் போடுவார். ஏன் போடுறீங்க என்று அவரைக் கேட்காத ஆளே தெருவில் கிடையாது. போடாவிட்டால் கை நடுங்குது, எரிச்சல் வருது என்பார். அது நிக்கோட்டின் வேலை. அந்த மாதிரி இடத்தில் கேள்வியைக் குறைத்துவிட்டு உதவியைத் தேடணும். மத்திய அரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356, கட்டணம் இல்லை. அவரைப் பேச வைத்தது என் அத்தை. போனை எடுத்து நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். வெற்றிலை இன்னும் இருக்கிறது, புகையிலை இப்போதைக்கு இல்லை. அதற்குமேல் நான் சொன்னால் கண்பட்டுவிடும்.

திருவாரூர்

மன்னார்குடி அண்ணா, அந்த அட்டை எங்கே கிடைக்கும்? போனில் படம் இறக்கி அதை வைத்துப் பார்க்கலாமா?

மன்னார்குடி பக்கம்

போன் படம் வேண்டாம் தம்பி. ஒவ்வொரு ஸ்கிரீனிலும் பச்சை ஒவ்வொரு மாதிரி தெரியும். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். தினம் ஒருவர் பார்க்காமல் ஒரே ஆள் பார்த்தால் நல்லது, கண்ணுக்குக் கண் வித்தியாசம் வரும். இன்னொன்று, இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறையாக இருக்கலாம். அதற்கு யூரியா கொட்டிப் பிரயோசனம் இல்லை. அலுவலரைக் கூப்பிட்டு வயலைக் காட்டிவிட்டு அப்புறம் வாளியைத் தூக்குங்கள்.