அப்பா அம்மாவோடு ஆரிகன் கடற்கரைக்கு ஆர்வியில் போகலாமா?

ஹில்ஸ்பரோ_மதுரைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஜூலையில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களையும் பசங்களையும் (ஒன்பது வயது, ஐந்து வயது) கூட்டிக்கொண்டு ஒரு ஆர்வி (படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்து அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் கடற்கரைப் பக்கம் நாலு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. அஸ்டோரியாவில் ஆரம்பித்து 101 நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே புரூக்கிங்ஸ் வரை, ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு ஸ்டேட் பார்க் என்று மனதில் போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிகம் நடக்க முடியாது. அப்பா ராத்திரியில் இரண்டு மூன்று தடவையாவது பாத்ரூம் போக எழுந்திருப்பார். இரண்டு பேருக்கும் வெளிச்சாப்பாடு ஒரு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. நான் இதுவரை மினிவேனை விடப் பெரிய வண்டி எதையும் ஓட்டியதில்லை. இது நடக்கிற காரியமா? எந்தப் பார்க்? இப்போதே புக் பண்ண வேண்டுமா?

நெஹேலம்_காற்று:

தாராளமாக நடக்கும், ஆனால் அந்த ரூட்டைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆரிகன் கடற்கரை மொத்தம் 363 மைல். அதை நாலு நாளில் ஓட்டினால் உங்கள் அப்பா அம்மா கடலைப் பார்ப்பதை விட வண்டியின் ஜன்னலைத்தான் அதிகம் பார்ப்பார்கள். ஆர்வியில் இடம் மாறுவது என்றால் காரைக் கிளப்புவது மாதிரி இல்லை. கரண்ட் வயரைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சுருட்டி, கழிவுத் தொட்டியைக் காலி பண்ணி, உள்ளே இருக்கிற பாத்திரம் பண்டம் எல்லாம் உருளாமல் அடைத்து வைத்து, அடுத்த இடத்தில் போய் இதையே திருப்பிச் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டாலும் பெரியவர்கள் இருந்தால் அரைநாள் போய்விடும்.

ஒரே இடத்தில் நாலு ராத்திரி இருங்கள். உங்கள் நிலைமைக்கு நான் கை காட்டுவது அஸ்டோரியா பக்கத்தில் இருக்கிற ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் ஸ்டேட் பார்க். ஹில்ஸ்பரோவிலிருந்து 26-ம் நெடுஞ்சாலையில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஆர்வி என்றால் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள ஃபுல் ஹூக்கப் இடங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. இது முக்கியம், ஏனென்றால் கடலோரத்தில் எல்லாப் பார்க்கிலும் அது கிடையாது. நெஹேலம் பே பார்க் எனக்கு உயிர், ஆனால் அங்கே கரண்டும் தண்ணீரும் மட்டும்தான், கழிவுக்கு டம்ப் ஸ்டேஷனுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் 1906-ல் கரை தட்டிய பீட்டர் ஐர்டேல் கப்பலின் இரும்புக்கூடு இன்னும் மணலில் நிற்கிறது. கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான், அம்மா நடக்க முடியாவிட்டாலும் அங்கிருந்தே பார்க்கலாம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் பசங்க அந்த இரும்பைத் தொட்டே பார்க்கலாம், துருப்பிடித்த விலா எலும்புகளுக்கு நடுவே அலை உள்ளே வந்து வெளியே போகும். 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கி குண்டு போட்ட கோட்டையும் அதே பார்க்கில்தான் இருக்கிறது, அப்பாவுக்குச் சரித்திரம் பிடிக்கும் என்றால் ஒரு காலைப்பொழுது அதற்கே சரியாகிவிடும்.

புக்கிங் ஆறு மாதம் முன்னால் திறக்கும். ஜூலைக்கு என்றால் இப்போதே உட்காருங்கள். கோடையில் வாரக்கடைசி இடம் மிச்சம் இருக்கவே இருக்காது. ஞாயிறு போய் வியாழன் திரும்புவது போலப் போட்டால் வாய்ப்பு அதிகம்.

அடுப்படி_அக்கா:

தம்பி, சாப்பாட்டைப் பற்றியும் பாத்ரூமைப் பற்றியும் நான் சொல்கிறேன், பெரியவர்களோடு போகும்போது பயணத்தின் சுகமே இந்த இரண்டில்தான் இருக்கிறது.

ஆர்விக்குள் தாளிக்காதீர்கள். கடுகு வெடித்து மிளகாய் காந்தினால் அந்தச் சின்ன இடத்தில் அலாரம் அலறும், நெடி மெத்தை வரைக்கும் ஏறும், திருப்பிக் கொடுக்கும்போது க்ளீனிங் என்று காசு பிடிப்பார்கள். மடக்குகிற கேஸ் அடுப்பு ஒன்று கொண்டுபோய் வெளியே பிக்னிக் மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள், காற்றுக்கு ஒரு தடுப்பும் வேண்டும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று வீசும், தீ நிற்காது, அதனால் முக்கியமான சமையலைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்து அரைத்த ரசப்பொடி எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும்.

உள்ளே இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கர் வைப்பதாக இருந்தால் கரண்டைக் கவனியுங்கள். 30 ஆம்பியர் வண்டி என்றால் மொத்தமே 3600 வாட். அடுப்பே 1800 வாட் இழுக்கும். அதோடு மைக்ரோவேவையும் ஹீட்டரையும் போட்டால் பிரேக்கர் விழும். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது.

பாத்ரூமுக்கு ஒரு மக் கொண்டுபோங்கள், அப்பாவுக்கு அதுதான் நிம்மதி. தண்ணீர் நிறையப் போவதால் கெடுதல் இல்லை, பிளாக் டேங்குக்கு (டாய்லெட் கழிவு சேர்கிற தொட்டி) உண்மையில் அதுதான் நல்லது. ஆனால் ஃபுல் ஹூக்கப் இருக்கிறதே என்று அந்த டேங்க் வால்வை எப்போதும் திறந்து வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்துபோய்க் கெட்டியானது அடியில் படிந்துவிடும். மூடியே வைத்து, முக்கால்வாசி நிறைந்ததும் திறந்துவிடுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர் இருக்கிற கிரே டேங்கைத் திறந்தால் குழாயையும் அதுவே கழுவிவிடும். குளிக்க மட்டும் பார்க்கின் குளியலறைக்குப் போங்கள். ஆர்வியின் வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 காலன்தான், இரண்டாவது ஆள் தலையில் ஊற்றும்போது பச்சைத் தண்ணீர் வரும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்களே, ஆர்வி படி உயரமாக இருக்கும். கீழே வைக்க அகலமான ஸ்டூல் படி ஒன்று வாங்கிவிடுங்கள். டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற படுக்கை பசங்களுக்கு, பின்னால் இருக்கிற கட்டில் பெரியவர்களுக்கு.

பீவர்டன்_சேகர்:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். முதல் தடவை என்றால் யர்ட் (பார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கிற வட்டமான கூடார வீடு) எடுங்களேன். அதே பார்க், அதே கடல், உள்ளே ஹீட்டர், விளக்கு, கட்டில் எல்லாம் உண்டு, ஐந்து பேர் படுக்கலாம். பெரிய வண்டி ஓட்டும் பதற்றம் கிடையாது, செலவும் பாதிக்குப் பாதி குறையும். ஆர்வி என்றால் வாடகையோடு மைல் கணக்கு, ஜெனரேட்டர் கணக்கு, இன்சூரன்ஸ், காலனுக்கு எட்டுப் பத்து மைல் என்று பெட்ரோல், எல்லாம் கூடிவிடும். உங்கள் கார் இன்சூரன்ஸ் பாலிசி ஆர்விக்கும் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள், கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அடுப்படி_அக்கா:

சேகர், அவங்க ஆறு பேர். அதோடு யர்ட்டுக்குள் பாத்ரூம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஈரப்பனியில் அப்பா டார்ச் அடித்துக்கொண்டு எழுந்து போக வேண்டுமா? இந்தக் குடும்பத்துக்கு ஆர்விதான்.

பீவர்டன்_சேகர்:

அதை யோசிக்கவில்லை, நீங்கள் சொல்வது சரி.

ஹில்ஸ்பரோ_மதுரைக்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், ஞாயிறு முதல் வியாழன் வரை என்று முடிவு பண்ணிவிட்டோம். இன்னும் இரண்டு கேள்வி. ஒரே இடத்தில் நின்றால் கேனன் பீச், அஸ்டோரியா எல்லாம் எப்படிப் பார்ப்பது? பசங்க கடலில் இறங்கலாமா?

நெஹேலம்_காற்று:

உங்கள் மினிவேனும் கூட வரட்டும். நீங்கள் ஆர்வியை ஓட்டுங்கள், வீட்டில் அவங்க மினிவேனில் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு பின்னால் வரட்டும். கரையோர மலையைத் தாண்டுகிற 26-ன் வளைவுகளில் ஆர்வியின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காருவது அவர்கள் முதுகுக்கு ஆகாது. அங்கே போனதும் ஆர்வியை அசைக்காமல் நிறுத்திவிட்டு மினிவேனில் சுற்றலாம். கேனன் பீச்சில் ஹேஸ்டாக் பாறை 235 அடி, தண்ணீர் வற்றும்போது அதன் அடியில் நட்சத்திர மீன் பார்க்கலாம், கோடை என்பதால் பஃபின் பறவைகளும் இருக்கும்.

கடலில் குளிக்க விடாதீர்கள், கணுக்காலோடு போதும். ஜூலையிலும் தண்ணீர் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான், பழக்கமில்லாத உடம்பு மரத்துப்போகும். திடீரென்று கரை ஏறி வருகிற அலை வேறு உண்டு, அதனால் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கரையில் கிடக்கிற பெரிய மரக்கட்டை மேல் பசங்களை ஏற விடாதீர்கள், கொஞ்சம் தண்ணீர் வந்தாலே அது உருண்டு ஆளை அடியில் போட்டுவிடும். நீச்சலுக்குப் பார்க்குக்குள்ளேயே காஃபன்பரி ஏரி இருக்கிறது, பசங்க அங்கே ஆசை தீர ஆடட்டும்.

ஹில்ஸ்பரோவில் 35 டிகிரி வெயில் அடித்தாலும் எல்லோருக்கும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்குக் குல்லா சேர்த்து. வண்டியை வாங்குகிற அன்று நேரே 26-ல் ஏறாமல், காலியாக இருக்கிற ஏதாவது பெரிய பார்க்கிங்கில் ரிவர்ஸும் வளைவும் ஒரு மணி நேரம் பழகிவிட்டுக் கிளம்புங்கள். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் வால் இடப்பக்கம் வெளியே அடிக்கும், அதை ஒருவர் கீழே நின்று பார்த்துச் சொன்னால் சீக்கிரம் பிடிபடும்.