டிவி பார்த்துப் பண்டிகைச் சமையல்: உங்கள் வீட்டில் என்ன மாறியது?

எங்கள் வீட்டில் பஞ்சாயத்து வருவது மார்கழி 27, கூடாரவல்லி அன்றுதான். திருப்பாவையில் "மூட நெய் பெய்து முழங்கை வழிவார" என்று வருகிறதே, அதற்காக அன்று அக்காரவடிசில். மாமியார் வெண்கலப் பானையில் அரிசியையும் கொஞ்சம் பாசிப்பருப்பையும் வறுத்துப் போட்டு, பாலிலேயே குழைய விட்டு, அப்புறம் வெல்லமும் நெய்யும் சேர்ப்பார், அடி பிடிக்காமல் பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருக்க வேண்டும். டிவியிலோ குக்கரில் நாலு விசில், மேலே கன்டென்ஸ்டு மில்க். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார் (கால் வலிக்காரர், உள்ளூர சந்தோஷம் என்றே நினைக்கிறேன்). ஆனால் இறக்கியதும் அந்த செஃப் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்து "ஆஹா" என்றார் பாருங்கள், "பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணவேயில்லை, அதற்குள் வாயில் வைக்கிறானே!" என்று மாமியார் டிவியை அணைத்துவிட்டார். நைவேத்தியத்துக்குச் செய்வதை நாங்கள் ருசி பார்ப்பதில்லை, வெல்லம் போதுமா என்பதை நிறமும் வாசனையும் சொல்லிவிடும். டிவியில் அளவு வருகிறது, செய்முறை வருகிறது, இந்த மடி ஆசாரம் மட்டும் வருவதில்லை. டிவி பார்த்தே சமையல் பழகிய என் மகள் ருசி பார்த்துவிட்டுத்தான் படைக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

* * *

நான் ராமநாதபுரம் பக்கம். ரமலான் வந்தால் டிவியில் தினம் ஒரு பிரியாணி, ஒரு கபாப், பார்ப்பவர்கள் நாங்கள் முப்பது நாளும் பிரியாணியில்தான் நோன்பு திறக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆபீஸில் கேட்டே விட்டார்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி, தொட்டுக்கொள்ள வடை, அவ்வளவுதான் சார். அசர் என்கிற மாலைத் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசலில் வரிசையில் நின்று வாங்கி வருவது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அதுதான் இதம். இப்போது என் தங்கை பிள்ளைகள் டிவியில் பார்த்த மொசரெல்லா சமோசா கேட்கிறார்கள், உம்மாவும் செய்து கொடுக்கிறார், கஞ்சி பாதி வாளி மிஞ்சுகிறது. பண்டம் புதிதாக வரட்டும், அதில் எனக்குக் குறையில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போவதுதான் உறுத்துகிறது.

* * *

சரி, ஒரே புலம்பலாக இருக்கிறதே, நான் டிவி கட்சி. சேலத்துக்காரர்கள் நாங்கள், நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) இல்லை. டிவியில் சமையல் கலைஞர் ரேவதி சண்முகம் அம்மா செட்டிநாட்டுப் பலகாரம் செய்து காட்டும்போதெல்லாம் எங்கம்மா சீரியலைக்கூட விட்டுவிட்டு நோட்டில் எழுதுவார், அந்த நோட்டு இன்னும் எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. அப்படித்தான் எங்கள் வீட்டுத் தீபாவளிக்குக் கந்தரப்பம் வந்தது. அரிசியோடு உளுந்து, கடலைப்பருப்பு, வெந்தயம் ஊறவைத்து, வெல்லம், தேங்காய் சேர்த்து அரைத்துச் சுடுவது, ஓரம் மொறுமொறுவென்று நடுவில் மெத்தென்று வரும். முன்பெல்லாம் செட்டியார் வீட்டிலிருந்து யாராவது கொடுத்தனுப்பினால்தான் கண்ணில் படும். இப்போது என் பிள்ளைகளைக் கேட்டால் அது நம் வீட்டுப் பலகாரம் என்று அடித்துச் சொல்வார்கள்.

ஒரே ஒரு நஷ்டம், அப்பாவுக்குப் பிடித்த சுழியம் அதோடு நின்றுபோனது. இரண்டையும் சுடலாமே என்றால், அடுப்படியில் நிற்பது நீயா நானா என்கிறார் அம்மா.