தாக்கீது: இந்தச் சொல்லை முதலில் எங்கே சந்தித்தீர்கள்?

எனக்கு வீட்டு வாசலில். வருடம் 1994, பெரியப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கு. அப்பா வெளியூர் போயிருந்தார். கோர்ட் அமீனா சைக்கிளை நிறுத்திவிட்டு, "தாக்கீது வந்திருக்கும்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். எனக்குப் பத்து வயது. 'தாக்கு' என்று காதில் விழுந்ததுமே யாரையோ அடிக்க வந்திருக்கிறார் என்று மாடிக்கு ஓடிவிட்டேன்.

பாட்டி அசையவில்லை. "பொம்பளை கையெழுத்துச் செல்லாது, போயிட்டு வாங்க" என்றாள். அவளாகக் கட்டிவிட்ட கதை இல்லை அது. சிவில் வழக்கில் பிரதிவாதி வீட்டில் இல்லாவிட்டால், குடும்பத்தில் வயதுவந்த ஆணிடம்தான் தாக்கீதை, அதாவது கோர்ட் சம்மனைக் கொடுக்கலாம் என்று முன்பு இருந்தது. 1976 திருத்தத்தில்தான் பெண்ணிடமும் கொடுக்கலாம் என்றானது. பாட்டி ஒரு பதினெட்டு வருடம் பின்தங்கியிருந்தாள், அவ்வளவுதான். கிரிமினல் வழக்கில் அந்த 'ஆண்' ஒழிய 2024 ஜூலை வரை ஆனது, புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது.

அமீனா வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு பிரதியை வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். வாங்க மறுத்தால் அப்படி ஒட்டலாம் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பாட்டி அதைச் சுரண்டி எடுத்த தடம் கதவில் ரொம்ப நாள் இருந்தது.

பதில்:

அண்ணே, என் கதை தலைகீழ். பாலக்காட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்த புதிது. மூன்று நாள் தாமதமாகப் போனேன். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தவரிடம் எனக்குத் 'தாக்கீது' கொடுத்தாயிற்று என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட் வரைக்கும் போய்விட்டார்களா என்று வயிறு கலங்கி, மதியம் சாப்பாடே இறங்கவில்லை. மாலையில்தான் ஒரு சேட்டன் சிரித்துக்கொண்டே விளக்கினார்: அங்கே தாக்கீது என்றால் கண்டித்து எச்சரிப்பது. அதுவும் எல்லா எச்சரிக்கைக்கும் இல்லை, மழை வருகிறது என்பதற்கு 'முன்னறியிப்பு'தான். சரி, காலையில் அவர் என்னைத் திட்டியதுதான் தாக்கீது என்று அப்போது புரிந்தது.

பதில்:

நான் வாணியம்பாடி, வீட்டில் உருது. எங்களுக்கு அது 'தாகீத்'. அரபியிலிருந்து வந்தது, அங்கே உறுதிப்படுத்துவது, அழுத்திச் சொல்வது என்று பொருள். கோர்ட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. மறக்காமல் செய் என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான். தமிழில் அது எப்போது காக்கித் தாளுக்குள் போய் உட்கார்ந்ததோ! நேற்றுகூட அம்மா போனில், பிள்ளைக்கு ஸ்வெட்டர் போடச் சொல்லி உன் வீட்டுக்காரியிடம் தாகீத் பண்ணு என்றார். நான் தாகீத் பண்ணவில்லை. லேசாகச் சொல்லிப் பார்த்தேன்.