நந்தம்பாக்கத்தில் என் முதல் மேசை

2024 பிப்ரவரியில் சென்னையில் முதன்முறையாக, காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழாவான காமிக் கான் நடந்தபோது, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நான் வரைந்த படங்களை விற்க நானும் ஒரு மேசை எடுத்திருந்தேன். தில்லியில் 2011-இலேயே தொடங்கிவிட்ட விழா. நம் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்க 13 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அடுத்து மேசை போடப் போகிறவர்களுக்கு நான் பட்ட பாடு உதவட்டும்.

முதல் அடி அச்சகத்தில் விழுந்தது. கடலுக்கடியில் நிற்கும் ஒரு பெண்ணை ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்திருந்தேன். திரையில் மின்னிய அந்த நீலம், தாளில் வெளுத்துப்போன பள்ளிச் சீருடையாக வந்து நின்றது. “திரையில் தெரிவது வெளிச்சம்மா, இங்கே இருப்பது மை” என்றார் திருவல்லிக்கேணி அச்சகத்து அண்ணன். திரைக்கு உரிய சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையான ஆர்ஜிபி-யில் நான் வரைந்ததை, நான்கு மைகளைக் கலந்து நிறம் காட்டும் சிஎம்ஒய்கே அச்சுக்கு அப்படியே கொடுத்திருக்கிறேன். பளீரென்ற நீலமும் பச்சையும் நான்கு மைகளுக்குள் அடங்குவதில்லை. நிறங்களை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தாள் அச்சிட்டுப் பார்த்து, மூன்றாவது தடவைதான் மனம் சமாதானமானது. படத்தை நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் நீட்டச் சொன்னதும் அவர்தான். இல்லாவிட்டால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியுமாம். தயவுசெய்து கடைசி வாரத்தில் அச்சகத்துக்கு ஓடாதீர்கள்.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பி ஒத்திகை பார்த்தேன். வாங்க வந்தவராக அம்மா. வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டார். ஏன் என்று கேட்டால், “விலை போடவில்லையே. கேட்டுவிட்டு வாங்காமல் போக எனக்குக் கூச்சமாக இருக்காதா?” என்றார். அன்றிரவே ஒவ்வொரு படத்துக்கும் விலைச்சீட்டு எழுதி ஒட்டினேன். தம்பி நான்கடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, படுக்க வைத்த படம் எதுவும் கண்ணில் படவில்லை என்றான். கம்பி வலைத் தட்டி ஒன்று வாங்கி, கிளிப் மாட்டி, படங்களை நிமிர்த்தித் தொங்கவிட்டோம்.

பிரபலமான கதாபாத்திரங்களை வரைந்தால் கூட்டம் நிற்கும், உண்மைதான். ஆனால் அவற்றின் உரிமை வேறொருவருடையது. விண்ணப்ப விதிகளை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் சொந்தப் படங்களோடுதான் போனேன்.

சனிக்கிழமை மதியத்துக்குள் 50 ரூபாய் ஸ்டிக்கர்கள் பாதிக்கு மேல் காலி. ஃபில்டர் காபி டம்ளருக்குள் சுருண்டு தூங்கும் பூனைக்குத்தான் அத்தனை கிராக்கி. பத்து நிமிடத்தில் கிறுக்கியது அது! 600 ரூபாய் போட்டிருந்த கடல் பெண்ணை எல்லோரும் நின்று பார்த்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள், பூனையை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மணிக்கு என் கைப்பேசி உயிரை விட்டது. பவர் பேங்க் வீட்டு அலமாரியில். கியூஆர் அட்டை மேசையில் இருந்தும், பணம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வழியில்லை. சில்லறையும் கொண்டுபோகவில்லை. பக்கத்து மேசைப் பையன் தன் பத்து ரூபாய்க் கட்டைப் பிரித்துக் கொடுத்திராவிட்டால் அன்று கடையைக் கட்டியிருப்பேன்.

கடல் பெண் 20 பிரதிகளில் 3 போயிற்று. மீதி கட்டிலுக்கடியில் இருக்கிறது. அதில் ஒன்றை அம்மா எடுத்து முன்னறையில் மாட்டியிருக்கிறார், விலைச்சீட்டைக் கூடக் கிழிக்காமல்.