முதல் ஆர்க் பொம்மைக்கு பெயிண்ட் பண்ணேன், பல்லையே காணோம். உரிச்சிட்டு திரும்ப ஆரம்பிக்கவா?

கோடம்பாக்கம்_ஆர்க்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப வாய தொறக்க வேண்டிய நிலமை வந்துடுச்சு. ஆபீஸ்ல ஒரு பையன் சனிக்கிழமை சாயங்காலம் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிள சுத்தி உக்காந்து சாகசக் கதை ஆடுற ஆட்டம்) ஆட கூப்ட்டான், சும்மா போய் உக்காந்தேன், அங்க ஒருத்தர் கட்டைவிரல் உசரத்துக்கு ஒரு குள்ளன் பொம்மை வெச்சிருந்தாரு, தாடியில நரைமுடி தனித்தனியா தெரியுது, அவ்ளோதான், விழுந்துட்டேன். மச்சான் லண்டன்லேருந்து வரும்போது வார்ஹாமர்னு பொம்மைப் படைய வெச்சு ஆடுற ஆட்டத்தோட ஆர்க் பாய்ஸ் பெட்டி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னேன், ஆர்க்னா பச்சைத் தோல் அரக்கன், 10 பொம்மை.

ஃபிரேம்லேருந்து வெட்டி எடுக்க நிப்பர் இல்ல, வீட்டம்மாவோட நகவெட்டிய எடுத்தேன், அது தனி சண்டை, விடுங்க. ஒட்டுறது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் பெயிண்ட் ஒட்டுறதுக்கு அடியில பிரைமர் அடிக்கணும்னு வீடியோல சொன்னாங்களேன்னு ஹார்டுவேர் கடையில காருக்கு அடிக்கிற சாம்பல் பிரைமர் ஸ்ப்ரே வாங்கி மொட்டை மாடிக்கு போனேன். போன நவம்பர், ரெண்டு மழைக்கு நடுவுல கொஞ்சம் வெயில் வந்துச்சு, காத்தும் அடிச்சுது, கைய நல்லா நீட்டி தூரத்துலேருந்து அடிச்சேன். காஞ்சதும் தொட்டுப் பாத்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. சரி பெயிண்ட் மூடிடும்னு நெனச்சு, பொண்ணோட ஸ்கூல் கிராஃப்ட்டுக்கு வாங்கின அக்ரிலிக் ட்யூப்லேருந்து பச்சைய எடுத்து அப்படியே பூசினேன். 3 ஆர்க் முடிச்சேன். மூணுக்கும் மூஞ்சி வெண்டைக்கா கூட்டுல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு, பல்லு எங்க உதடு எங்கன்னு எனக்கே தெரியல.

இதுக்கு நடுவுல ஆஃபர்னு இன்னும் ரெண்டு பெட்டி வேற வாங்கிட்டேன், அது அலமாரி மேல பிரிக்காம இருக்கு, அத யாரும் கேக்காதீங்க. இப்ப என் கேள்வி, இந்த மூணையும் உரிச்சு எடுத்துட்டு திரும்ப ஆரம்பிக்கலாமா, எதுல ஊற வெக்கணும், வீட்ல நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கு, தின்னர் இருக்கு. மெட்ராஸ் புழுக்கத்துல ஸ்ப்ரே பிரைமர் சரிப்பட்டு வருமா? பிரஷ்ஷும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, இருக்குறதுலயே சின்னதா 000 வாங்கியும் கண்ணு வரைய முடியல.

*

நாட்டிங்ஹாம்_தம்பி:

அண்ணே முதல்ல அந்த நெயில் பாலிஷ் ரிமூவர கீழ வைங்க!! தின்னரையும். ரிமூவர்ல பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், இந்த பொம்மைங்க பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், ரெண்டும் சேந்தா பெயிண்ட்டோட ஆர்க்கும் கரைஞ்சு கிண்ணத்துல பச்சைப் பாயசம்தான் மிஞ்சும்.

உரிக்கணும்னா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். மெட்ராஸ்ல ரிச்சி ஸ்ட்ரீட்ல மொபைல் ரிப்பேர் சாமான் விக்கிற கடையில ஐபிஏன்னு கேட்டா தருவாங்க, போர்டு கழுவ அதத்தான் வெச்சிருப்பாங்க. மூடி போட்ட கண்ணாடி பாட்டில்ல பொம்மை முங்குற அளவு ஊத்தி சில மணி நேரம் விட்டுட்டு பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க. கையுறை போடுங்க, ஜன்னல தொறந்து வைங்க, சாமி விளக்கு எரியிற பக்கம் கொண்டு போகவே போகாதீங்க, சட்டுனு பத்திக்கும். ஆனா ஒண்ணு, இதுக்கு வர்றது மேல இருக்குற அக்ரிலிக்தான், கார் பிரைமர் முழுசா அசையும்னு நம்பாதீங்க. அந்த சொரசொரப்பு முக்காவாசி மேல உக்காந்த தூசிதான், காஞ்ச டூத்பிரஷ்ஷால அழுத்தி தேச்சாலே கொஞ்சம் உதிரும்.

இங்க யூகேல நிறைய பேரு டெட்டால்ல ஊற வெப்பாங்க, வேலை செய்யும், ஆனா அதுலேருந்து எடுத்து நேரா குழாய் தண்ணில காட்டினா கரைஞ்ச பெயிண்ட் பூரா கோந்து மாதிரி திரண்டு பொம்மை மேலயே அப்பிக்கும். நான் பண்ணிருக்கேன். ஒரு வாரம் வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாசனை, பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசல. டெட்டால்லயே அலசி பெயிண்ட் எல்லாம் போனப்புறம்தான் பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கழுவணும்.

உப்புத்தாள் ஆனதுக்கு காரணம் தூரம். கைய நீட்டி காத்துல அடிச்சீங்கல்ல, பெயிண்ட் துளி பொம்மைய தொடுறதுக்குள்ள வழியிலயே காஞ்சு தூளா விழுந்திருக்கு. 20லேருந்து 30 சென்டிமீட்டர், டப்பாவ ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கி, பொம்மைக்கு வெளிய ஆரம்பிச்சு பொம்மைய தாண்டி வெளிய முடிக்கணும், ஒரே எடத்துல நிக்கக் கூடாது. மழை ஈரம் இருக்குற அன்னிக்கு ஸ்ப்ரே வேணவே வேணாம், வார்னிஷ் ஸ்ப்ரே அதவிட மோசம், மேல பனி பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிடும், முழுசா முடிச்ச பொம்மை அப்படி ஆச்சுன்னா அழுகையே வந்துடும். உங்க ஊருக்கு பிரஷ்ஷால தடவுற பிரைமர்தான் சரி, வயேஹோ சர்ஃபேஸ் பிரைமர் மாதிரி. மெல்லிசா தடவி ஒரு நாள் முழுக்க காய விடுங்க.

வார்ஹாமர்காரங்க 2019ல கான்ட்ராஸ்ட்னு ஒரு பெயிண்ட் விட்டாங்க, வெளிர் பிரைமர் மேல ஒரே கோட் போட்டா பள்ளத்துல தானா இருட்டா ஓடி உக்காரும், மேட்டுல வெளிரா நிக்கும். ஆர்க் தோலுக்கு அல்வா மாதிரி. ஆனா கொஞ்சம் ஜாஸ்தி ஆனா குட்டை கட்டும், காயிறதுக்குள்ள பிரஷ்ஷால உறிஞ்சி எடுக்கணும்.

*

மோர்_பதம்:

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், உரிக்காதீங்க. அந்த மூணையும் அப்படியே வெச்சிட்டு மீதி 7 இருக்குல்ல அதுல கைய வைங்க. முதல் வாரமே ஆல்கஹால் பாட்டில்ல தலைய விட்டவங்க பாதி பேரு அதுக்கப்புறம் பெயிண்டே பண்றதில்ல, உரிப்பாங்க, பூசுவாங்க, திரும்ப உரிப்பாங்க. என்கிட்ட அந்த மாதிரி ஒரே ஒரு குதிரை வீரன் நாலு தடவ உரிபட்டு மூக்கு தேஞ்சு போய் நிக்கிறான், இன்னும் முடிக்கல.

உங்க ஆர்க்குக்கு பல்லு காணாம போனதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, ட்யூப்லேருந்து எடுத்து அப்படியே பூசினது. இந்த பொம்மைங்க 28 மில்லிமீட்டர் அளவுன்னு சொல்றது, தலை கை எல்லாம் வேணும்னே பெருசா செதுக்கியிருப்பாங்க, அப்படியும் ஒரு பல்லு ஒரு மில்லிமீட்டர் இருந்தா பெரிய விஷயம், அதுக்கு மேல தோசை மாவு பதத்துல பூசினா பல்லு என்ன தாடையே மூழ்கும். நீர்மோர் பதம் வரணும். டங்கன் ரோட்ஸ் வார்ஹாமர் வீடியோல சொல்லி சொல்லி ஓஞ்ச "ரெண்டு மெல்லிசு கோட்" இதுதான். முதல் கோட் பாக்க கேவலமா இருக்கும், அடியில பிரைமர் தெரியும், பயப்படாம காய விட்டு ரெண்டாவது போடுங்க.

தண்ணி கலந்த பெயிண்ட் நம்ம ஊரு ஃபேன் காத்துல ரெண்டு நிமிஷத்துல தட்டுலயே காஞ்சிடும், ஃபேன நிறுத்தினா வேர்வை சொட்டுது. அதுக்குத்தான் ஈரத்தட்டு. மூடி இருக்குற டிபன் பாக்ஸ், உள்ள பாத்திரம் தேய்க்கிற மஞ்ச ஸ்பாஞ்ச வெட்டி போட்டு தண்ணில நனைச்சு, அது மேல கேக் பண்றவங்க போடுற பார்ச்மென்ட் பேப்பர், மெழுகு பூசின பேப்பர் ஆகாது. மூடி வெச்சா மறுநாளும் பெயிண்ட் ஈரமா இருக்கும். ஊருக்கு போறேன்னு பத்து நாள் மறந்துட்டா மட்டும் தொறக்கும்போது மூக்க பொத்திக்கோங்க.

பிரஷ் விஷயத்துல எல்லாரும் பண்ற தப்பு நீங்களும் பண்ணிருக்கீங்க. 000 பிரஷ்ல பெயிண்ட் நிக்கவே நிக்காது, கண்ணு கிட்ட கொண்டு போறதுக்குள்ள நுனியில காஞ்சிடும். நம்பர் 1, இல்லன்னா 2, நுனி ஊசி மாதிரி கூடுற பிரஷ்ஷா பாத்து வாங்குங்க. கொலின்ஸ்கின்னு சொல்றது சைபீரிய மரநாய் வால் முடி, அருமையாத்தான் இருக்கும், வெலையும் அருமையா இருக்கும், ஆரம்பத்துக்கு சிந்தெடிக்கே போதும். கீரி முடி பிரஷ்னு எங்கயாவது சல்லிசா குடுத்தா வாங்கிடாதீங்க, 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம். பெயிண்ட்ல முக்கும்போது முடி நீளத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, உலோக வளையத்துக்குள்ள பெயிண்ட் ஏறி காஞ்சா நுனி ரெண்டா பிரிஞ்சு செத்துடும்.

பல்லுக்கு வழி சொல்றேன். தோல் பச்சை ரெண்டு கோட், காஞ்சதும் பச்சை வாஷ், அதாவது பள்ளத்துல ஓடுற தண்ணி மாதிரி பெயிண்ட், கண்ணுக்குழி வாயோரம் எல்லாம் இறங்கி உக்காரட்டும். அப்புறம் வாய்க்குள்ள மட்டும் கரும்பழுப்பு. பல்லுக்கு பளீர் வெள்ளை வேணாம், எலும்பு கலர், பிரஷ் நுனிய விட்டுட்டு பக்கவாட்ட வெச்சு ஈறுலேருந்து நுனி பக்கமா ஒரே இழுப்பு. ஈறோரம் அந்த பழுப்பு மயிரிழை அளவு மிஞ்சுதுல்ல, அதுதான் பல்ல தனித்தனியா காட்டும். நுனியில மட்டும் துளி வெள்ளை.

அப்புறம் போன்ல ஜூம் பண்ணி பாக்குறத நிறுத்துங்க. டேபிள்ல வெச்சு மூணடி தள்ளி நின்னு பாருங்க, ஆட்டத்துல எல்லாரும் அங்கேருந்துதான் பாப்பாங்க.

*

ஸ்காபரோ_ஈயம்:

வணக்கம் தம்பி. நான் பெயின்ற் அடிக்கிறது குறைவு, பழைய உலோக பொம்மையள் சேக்கிறதுதான் என்ர விசர், ரொறன்ரோவில இருக்கிறன். பிரிக்காத ரெண்டு பெட்டிய ஒருத்தரும் கேக்கக் கூடாதெண்டு எழுதியிருக்கிறீர், நான் கேக்கப் போறதில்லை, ஏனெண்டா என்ர நிலவறையில கிடக்கிற பெட்டியள எண்ணுறத நானே விட்டு கன காலம். மனுசி ஒருக்கா கேட்டவ, இதெல்லாம் எப்ப பூசி முடிப்பீங்கள் எண்டு. ரிட்டயர் ஆனாப் பிறகு எண்டு சொன்னன். ரிட்டயர் ஆகி மூண்டு வருசம்.

உந்த வார்ஹாமர் செய்யிற கேம்ஸ் வேர்க்ஷொப் கொம்பனியின்ர கதையும் பகிடிதான். 1975இல லண்டனில மூண்டு பெடியள் சேந்து தொடங்கேக்க கையால செய்த மரப் பலகையள்தான் வித்தவை, பாக்காமன், கோ ஆடுற பலகை. பிறகு டி அண்ட் டி யை இங்கிலாந்துக்கு எடுத்து விக்கப் போய், 1979இல சிற்றடெல் எண்டு பொம்மை வார்க்கிற கொம்பனி வந்தது. 1983இல வார்ஹாமர் விதிப் புத்தகம் வந்ததே ஆக்கள் அந்தப் பொம்மையள இன்னும் கூட வேண்டோணும் எண்டுதான். நாலு பொம்மையோட சாகசம் ஆடினவனுக்கு இப்ப நாப்பது தேவை, படை எல்லோ. உம்மட ஆர்க் துவக்கோட நிக்கிற வார்ஹாமர் 40,000 ஆட்டம் வந்தது 1987. ஆக, அலுமாரி மேல ரெண்டு பெட்டி இருக்குதெண்டா பிழை உம்மட மட்டும் இல்லை, அப்பிடித்தான் உது தொடங்கினதே.

ஒண்டு மட்டும் கவனம். பழைய பொம்மை ஆரும் தந்தா, 80களில வார்த்தது பெரும்பாலும் ஈயம் கலந்தது. அரம் போட்டு ராவிற தூசை மூச்சில எடுக்கக் கூடாது, தொட்ட கையோட சாப்பிடக் கூடாது, சின்னப் பிள்ளையளின்ர கைக்கு எட்டாம வையும். ஓக் மர அலுமாரியில காத்துப் போகாம பூட்டி வைச்சா மரத்தில இருந்து வாற அமில ஆவிக்கு ஈயம் வெள்ளைத் தூளாப் பூக்கும், நான் ஒரு டிராகனின்ர வாலை அப்பிடித்தான் துலைச்சனான். உம்மட பிளாஸ்ரிக்குக்கு உந்தப் பயம் ஒண்டும் இல்லை.

*

கோடம்பாக்கம்_ஆர்க்:

மூணு வாரம் ஆச்சு, அப்டேட் போடாம ஓடிட்டான்னு நெனச்சிருப்பீங்க. ரெண்டு பேரு பேச்சையும் கேட்டேன், ஒண்ண மட்டும் உரிச்சேன், ரெண்ட அப்படியே விட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல ஐபிஏ கெடச்சுது, கடைக்காரரு எந்த போன்னு கேட்டாரு, ஆர்க்குன்னு சொன்னா புதுசா வந்த சைனா செட்டாங்குறாரு.

மீதி 7ல 4 முடிச்சாச்சு. டிபன் பாக்ஸ் ஈரத்தட்டு இருக்கே, மோர்_பதம் அண்ணே நீங்க நல்லா இருக்கணும். நாலாவது ஆர்க்குக்கு கீழ்ப்பல்லு எட்டும் எண்ணலாம், எட்டாவது கொஞ்சம் கோணல், அவன் ஆர்க்குதானே, பல் டாக்டர் கிட்ட போயிருக்க மாட்டான். மூணடி தள்ளி நின்னு பாத்தேன், பெருமையா இருந்துச்சு, வீட்டம்மா ஒரடி தள்ளி நின்னு பாத்துட்டு பரவால்லன்னா, அவ பரவால்லன்னு சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல.

ஆனா புது வம்பு. இதப் பாத்துட்டு எங்கம்மா பரண்லேருந்து கொலு பெட்டிய இறக்கி செட்டியார் பொம்மைய கையில குடுத்துட்டாங்க, பாட்டி காலத்து மண் பொம்மை, மூக்கு நுனியில கலர் உதிர்ந்து மண்ணு தெரியுது, வேட்டி மங்கிப் போச்சு, நீதான் பெயிண்டர் ஆயிட்டியே சரி பண்ணு, நவராத்திரிக்கு வேணும்ங்குறாங்க. இதுக்கும் பிரைமர் அடிச்சிட்டு ஆரம்பிக்கலாமா, இல்ல ஐபிஏல ஒரு முக்கு முக்கவா?

*

மோர்_பதம்:

முக்காதீங்க!!! பிளாஸ்டிக் வேற சுட்ட மண்ணு வேற. அந்த காலத்து பொம்மைல கலர் தூள கோந்துல கொழச்சு பூசியிருப்பாங்க, ஐபிஏ என்ன, ஈரத்துணி பட்டாலே கையோட வரும். முதல்ல அடிப்பக்கம், யாரும் பாக்காத எடத்துல, காது குடையிற பட்ஸ லேசா நனைச்சு ஒத்தி பாருங்க. கலர் ஒட்டிக்கிட்டு வந்தா கழுவுற எண்ணத்தையே விட்டுடுங்க, மெல்லிசு பிரஷ்ஷால தூசிய மட்டும் தட்டுங்க.

பிரைமர் வேணாம், முழுசா பூசவும் வேணாம், பாட்டி பாத்த செட்டியார் போயிடுவாரு. மண்ணு தெரியிற மூக்கு நுனிக்கு மட்டும் பக்கத்து கலர பாத்து கலந்து, மோர் பதத்துல, உதிர்ந்த எடத்த விட்டு வெளிய போகாம வைங்க. காஞ்சா அக்ரிலிக் கொஞ்சம் இருட்டாகும், அதனால ஒரு பங்கு வெளிராவே கலந்து பழைய பேப்பர்ல தடவி காய விட்டு பொம்மை பக்கத்துல வெச்சு பாருங்க. வேட்டி மங்கினது மங்கினதாவே இருக்கட்டும், கடையில உக்காந்திருக்குறவரு வேட்டி அப்படித்தான் இருக்கும்.

மூக்கு முடிஞ்சதும் போட்டோ போடுங்க, ஆர்க்கையும் பக்கத்துல நிக்க வெச்சு.