ஐசி-718 செட்டையும் கணினியையும் பேச வைத்த அனுபவம்

ஐகாம் நிறுவனத்தின் ஐசி-718 வானொலி செட் வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்கள் நிறையப் பேர் இருப்பதால், அதைக் கணினியோடு இணைத்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழைய செட், யுஎஸ்பி கிடையாது, பின்பக்கம் ‘ரிமோட்’ என்று போட்ட ஒரு 3.5 மி.மீ. ஜாக் மட்டும் இருக்கும். அதுவே போதும். கணினியிலிருந்து செட்டுக்குக் கட்டளை அனுப்பும் இந்த வழியை ஐகாம் சிஐ-வி என்கிறது. அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பியில்தான், சும்மா இருக்கும்போது 5 வோல்ட்டில் நிற்கும், பேச வேண்டியவர் அதைக் கீழே இழுத்துப் பேசுகிறார், அவ்வளவுதான் விஷயம்.

நான் எடுத்தது எஃப்டி232 சிப் போட்ட யுஎஸ்பி-டிடிஎல் போர்டு (கணினியின் யுஎஸ்பியை இந்த மாதிரி கம்பிக்கு மாற்றித் தருவது), 5 வோல்ட்டுக்கு ஜம்பர் மாற்றிக்கொள்ளலாம். பெறுவதற்கான ஆர்எக்ஸ் பின் நேராக ஜாக்கின் முனைக்குப் போகிறது. அனுப்புவதற்கான டிஎக்ஸ் பின் ஒரு ஷாட்கி டையோடு வழியாக அதே முனைக்குப் போகிறது, டையோடில் கோடு போட்ட பக்கம் டிஎக்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் போர்டால் லைனைக் கீழே இழுக்க முடியும், மேலே தள்ள முடியாது. செட் பதில் சொல்லும்போது இரண்டும் மோதிக்கொள்ளாது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. கேபிளைச் செருகியதுமே டிஜிட்டல் முறைகளுக்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளைத் திறந்து, செட் இணையவில்லை என்று காட்டும் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். முதலில் ஒரு சீரியல் டெர்மினலில் (பைட்டுகளை நேரடியாக அனுப்பிப் பார்க்கும் மென்பொருள்) கையாலேயே ஆறு பைட்டை அனுப்பிப் பாருங்கள்: எஃப்இ எஃப்இ 5இ இ0 03 எஃப்டி. முதல் இரண்டும் தொடக்கம், 5இ என்பது 718-இன் முகவரி, இ0 கணினி, 03 என்றால் ‘எந்த அலைவரிசையில் இருக்கிறாய்’, எஃப்டி முடிவு. ஒரே கம்பி என்பதால் நாம் அனுப்பிய ஆறும் முதலில் நமக்கே எதிரொலித்து வரும், அதன் பின்னால்தான் செட்டின் பதில். எதிரொலியே வரவில்லையென்றால் சால்டரிங்கையும் டையோடையும் பாருங்கள். எதிரொலி வந்து பதில் மட்டும் வரவில்லையென்றால் பாட் ரேட் (தகவல் போகும் வேகம்), முகவரி, ஜாக்குக்குப் போகும் வயர் இந்த மூன்றில் ஒன்று. எந்த மென்பொருளும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லாது. எனக்கு 00 40 07 07 00 என்று வந்தபோது அவ்வளவு சந்தோஷம்! பின்னாலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் படித்தால் 7.074 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் பேண்டில் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை நடக்கும் இடம்.

அப்புறம் பிடிடி, அதாவது செட்டை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் லைன். 718-இல் சிஐ-வி கட்டளையால் டிரான்ஸ்மிட் போட முடியாது, அதனால் மென்பொருள் ஆன்-ஆஃப் செய்யக்கூடிய போர்டின் ஆர்டிஎஸ் பின்னிலிருந்து ஒரு பிசி817 ஆப்டோகப்ளர் (ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிப்) வழியாக எடுத்தேன். இங்கே எங்கள் ஊர் மூத்த ஓஎம் (ஹாம் நண்பர்) ஒருவர் சொன்னதை அப்படியே செய்தேன்: பிடிடி லைனில் ஒரு சின்ன சுவிட்ச் போடு என்றார். அவர் ஸ்டேஷனில் கணினி ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஆர்டிஎஸ் தானாக மாறி, ஆள் இல்லாத அறையில் செட் டிரான்ஸ்மிட்டில் போய் நின்றிருக்கிறது, ஹீட்சிங்க் தொட முடியாத சூட்டில். இப்போது என் செட்டில் மென்பொருள் திறந்த பிறகுதான் அந்த சுவிட்ச் ஆன் ஆகும்.

கணினியின் கிரவுண்டும் செட்டின் கிரவுண்டும் சேர்ந்து ஹம் சத்தம் வராமலிருக்க, ஆடியோவுக்கு இரு பக்கமும் 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர். சிஐ-வி கிரவுண்டு கணினியையும் செட்டையும் எப்படியும் இணைத்துவிடுகிறதே, டிரான்ஸ்ஃபார்மரால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் யுஎஸ்பி போர்டுக்கு முன்னால் ஏடியூஎம்3160 சிப் போட்ட ஐசொலேட்டர் (இரு பக்க மின்தொடர்பைப் பிரிப்பது) ஒன்றையும் வைத்தேன். அதற்குப் பிறகு ஹம் சத்தம் சுத்தமாக இல்லை. 15 மீட்டரில் டிரான்ஸ்மிட் செய்யும்போது யுஎஸ்பி இணைப்பு அறுந்து போவது மட்டும் மிச்சம் இருந்தது, கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றியதும் அதுவும் நின்றது.

பவரைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்டி8 ஒவ்வொரு முறையும் 12.6 விநாடி இடைவிடாமல் முழு அளவில் போகும், எஸ்எஸ்பி முறையில் பேசுவது மாதிரி ஏறி இறங்காது. 100 வாட் செட் என்றாலும் நான் 30 வாட்டுக்கு மேல் வைப்பதில்லை, ஆடியோ அதிகமானால் அசையும் ஏஎல்சி மீட்டர் அசையாதபடி ஆடியோவைக் குறைத்துக்கொள்கிறேன்.

யேசு (Yaesu) நிறுவனத்தின் எஃப்டி-817 செட் வைத்திருப்பவர்கள் இந்தச் சர்க்யூட்டை அப்படியே எடுத்துவிட வேண்டாம். அதில் டிஎக்ஸும் ஆர்எக்ஸும் தனித்தனி பின், கட்டளை ஐந்து பைட், அலைவரிசை முன்னாலிருந்து பின்னால் வரும். முக்கியமாக அதன் எட்டு பின் ஏசிசி சாக்கெட்டில் ஒரு பின்னில் 13.8 வோல்ட் இருக்கிறது. அது யுஎஸ்பி போர்டில் பட்டால் போர்டு போகும், கணினியின் போர்ட்டும் சேர்ந்து போகலாம். மீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னையும் அளந்துவிட்டுச் சால்டரிங் அயனை எடுங்கள்.